ஒன்றிலிருந்து எண்ணுகிறவள்

பதினேழாம் நம்பர். காலையிலிருந்து வஞ்சிக்கொடிக்கு அதுதான் பெயர். முன்கையில் பிளாஸ்டர் ஒட்டி அதில் பேனாவால் எழுதினார்கள். வலது புருவத்துக்கு மேல் நீல மையில் ஒரு புள்ளி வைத்தார்கள். எந்தக் கண் என்று உள்ளே போனதும் குழம்பிவிடக் கூடாதாம். குழம்புவார்களா என்ன. குழம்புவார்கள். இடம் வலம் குழம்பி உருப்படாமல் போன வேலைகளை அவள் புருஷன் நாச்சிமுத்து கம்ப்யூட்டரில் நாற்பது வருஷம் பார்த்தவர். புள்ளி வைத்தது நல்லதுதான். ஆனால் ஒரே ஒரு புள்ளி. வியர்த்தால் அழிந்துவிடுகிற மை. அவளுக்கு நெற்றி வியர்க்கும், பயந்தால் இன்னும் வியர்க்கும். போய்ச் சொல்லிவிட்டு வரலாமா என்று எழுந்தார். "உக்காருங்க சார், கூப்பிடுவோம்" என்றாள் சிஸ்டர். உட்கார்ந்தார். கண் ஆஸ்பத்திரியின் நாற்காலி எல்லாம் ஒன்றோடொன்று சேர்த்து அடித்த இரும்பு. ஒருத்தர் அசைந்தால் வரிசையே அசைகிறது. மணி பத்து பத்து. கண்புரை அறுவை பதினைந்து நிமிஷ வேலை, அதற்கு முன்னால் சொட்டு மருந்து விட்டு விட்டு ஒரு மணி நேரம் காக்க வைப்போம் என்றார்கள். மடியில் லேப்டாப். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் அவளுடைய மூக்குக் கண்ணாடி, வாட்ச், இரண்டு தோடு, ஒரு ஹேர்பின். ஹேர்பின்னைக் கூடவா கழற்றினார்கள். முப்பத்தொன்பது வருஷம் கூட இருந்தவளை ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தது போல இருந்தது. அந்த நினைப்பு வேண்டாம். வாசலில் ஏழு படி. காலையில் ஏறும்போதே எண்ணி வைத்துக்கொண்டார், இறங்கும்போது அவளுக்கு ஒரு கண்தான் இருக்கும் என்று. அவர் எண்ணியதை அவள் கவனித்தாள். அதற்கு முன்னால், ஆட்டோவில் வரும்போது ஒன்று சொன்னாள், வெளியே பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது போல. "அப்பவே இந்த ஆப்பரேசன் பண்ணியிருந்தா அந்த ஜீனெல்லாம் தப்பா எண்ணியிருக்க மாட்டன், இல்லீங்க?" அவர் "ம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ம். ஆட்டோக்காரன் பாலத்தில் ஏறினான். பதினாறு வருஷம் கழித்து அவளாக வாயைத் திறந்து கேட்ட கேள்விக்கு ம். வேறென்ன சொல்வது. தப்புத்தானே. இருபத்து மூன்று தப்பு. காலையில் கிளம்பும் முன்பே புரோகிராம் அப்படித்தான் காட்டியது.

புரோகிராம் இன்னும் திறந்தே இருக்கிறது. மதியம் பன்னிரண்டு மணிக்குச் சிறுதானிய ஜீன் டேட்டாபேசைப் பூட்டுகிறார்கள். பூட்டினால் அடுத்த பதிப்பு மூன்று வருஷம் கழித்து. ஓய்வு பெற்ற பிறகும் நாச்சிமுத்து அதில் கௌரவ உறுப்பினர். கௌரவம் என்றால் சம்பளம் இல்லை, திட்டு உண்டு. ஹைதராபாத்தில் இருந்து அதைப் பார்த்துக்கொள்கிற ஜெபராஜ் நேற்று தயங்கித் தயங்கிப் பேசினான். நாகர்கோயில்காரன், நல்லவன், நாற்பத்தைந்து வயதாகியும் சார் சார் என்று இழுப்பான். "சாமையில கையால குறிச்சது எல்லாத்தையும் ஒரு தடவை சரிபார்க்கணும் சார். தப்பானதை நீக்கணும். ஒருத்தர் எழுதினதுல பாதிக்கு மேல தப்புன்னா அவங்க எழுதினது மொத்தத்தையுமே எடுத்திரணும்னு கமிட்டி முடிவு. அதுல... உங்க வீட்டம்மாவோடது நாப்பத்தொண்ணு இருக்கு. நீங்களே பார்த்துச் சொல்லிருங்க." இருபத்து மூன்று தப்பு, நாற்பத்தொன்றில். பாதிக்கு மேல். பன்னிரண்டு மணிக்கு முன்னால் இவர் சரி என்று ஒரு வரி அனுப்பினால் வஞ்சிக்கொடி என்ற பெயர் அந்த டேட்டாபேசில் எங்கேயும் இருக்காது. சாமைக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அது பாட்டுக்கு முளைக்கும். இவர் கைதான் அந்த வரியை அனுப்பாமல் காலையிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறது. "ஏனுங்கண்ணா, உங்களுக்கு யாரு உள்ள?" பக்கத்து நாற்காலி. மஞ்சள் சேலை, மடியில் ஒரு ஒயர் கூடை. "ஊட்டுக்காரி." "எனக்கு ஊட்டுக்காரருங்க. பதினெட்டு. ஊசின்னா ஓடிப் போயிருவாரு. பொறத்தால கதவு ஏதாச்சும் இருக்குதான்னு கேட்டுக்கிட்டுத்தான் உள்ள போனாரு." நாச்சிமுத்து திரையைப் பார்த்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அந்தம்மாவுக்கு அப்படி அர்த்தமாகவில்லை. "அதென்னுங்க, பொட்டியில ஒரே எழுத்தா ஓடுது?" "சாமை." "என்னது?" "சாமை. திங்கற சாமை. அது விதைக்குள்ள எழுதியிருக்கறது." அந்தம்மா யோசித்தாள். "படிச்சு முடிச்சாச்சுங்களா?" "இல்லை." "எத்தனை வருசமாப் படிக்கறீங்க?" "இருபது." அவள் இரக்கத்தோடு கூடையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து நீட்டினாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு வாங்கிக்கொண்டார். கடித்தால் சத்தம் கேட்கும் என்று கையிலேயே வைத்திருந்தார்.

நாலே எழுத்து. அந்த நாலும் மாற்றி மாற்றிக் கோடிக்கணக்கில் நீண்டு கிடக்கும். அதற்குள் எங்கே ஒரு ஜீன் தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அது என்ன வேலை செய்யும் என்று குறித்து வைப்பதுதான் குறிப்பு. மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு எழுத்துத் தள்ளிப் போனால் போச்சு, வரி முழுக்க உளறல். மிஷினே குறிக்கும், ஆயிரக்கணக்கில் குறிக்கும், குத்துமதிப்பாகக் குறிக்கும். வஞ்சி மட்டும் கையால் குறித்தாள். பயிர்ப்பெருக்கத் துறையில் இருந்தவள், வயலில் பார்த்த செடியை எழுத்திலும் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம். எழுத்துகளைப் பேப்பரில் அச்செடுத்துச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, ஒரு ஈர்க்குச்சியை வைத்துத் தள்ளித் தள்ளி எண்ணுவாள். பத்துக்கு ஒரு பென்சில் கோடு. ஒவ்வொரு ஜீனையும் மூன்று தரம். மூன்றும் ஒன்றாக வந்தால்தான் பேனாவை எடுப்பாள். "கம்ப்யூட்டரு எதுக்கு இருக்குது, குச்சியக் கீழ போடு" என்று இவர் கத்துவார். அவள் எண்ணுவதை நிறுத்த மாட்டாள், இடது கையை மட்டும் தூக்கிக் காட்டுவாள், இருங்க, நடுவுல பேசாதீங்க. அந்தக் கை. அந்தக் கையை இப்போது யார் பிடித்திருக்கிறார்கள் உள்ளே. அசைக்கக் கூடாது என்பார்கள், கண்ணுக்குள் ஊசி இருக்கும்போது. அசைக்க மாட்டாள். எண்ணிக்கொண்டிருந்தால் அசைய மாட்டாள். ஆனால் அவள்தான் எண்ணுவதை விட்டுவிட்டாளே. அந்தக் கடிதம் வந்த வருஷத்திலிருந்து. வெளியூர்க் குழு ஒன்று எழுதியிருந்தது, கையால் குறித்தவற்றில் பாதிக்கு மேல் தலைப்பகுதி ஓர் எழுத்துப் பிசகியிருக்கிறது, குறித்தவர் கவனமற்றவர் என்று. கவனமற்றவர். கூட்டம் போட்டார்கள். அவள் மேஜையின் அந்தக் கடைசியில் உட்கார்ந்திருந்தாள், நோட்டை மூடி அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு. தலைவர் இவரைப் பார்த்துக் கேட்டார், அவள் குறித்ததை டேட்டாபேசுக்கு அனுப்பிய உங்கள் புரோகிராமில் ஏதாவது இருக்குமா என்று. இவர் சொன்னார். சொன்னது அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "மிஷின் தப்புப் பண்ணினா ஒரே மாதிரி எல்லாத்துலயும் பண்ணும். இங்க பதினெட்டு சரியா இருக்கு. அங்கொண்ணு இங்கொண்ணு தப்புன்னா அது மனுசத் தப்பு." நல்ல தர்க்கம். எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள். சாயங்காலம் வண்டியில் வரும்போது, "கண்ணாடி மாத்து" என்றார். மாற்றினாள். மறு வருஷமும் சொன்னார், மாற்றினாள். மூன்று கண்ணாடி. அவளை விதைக் கிடங்குக்கு அனுப்பினார்கள், அந்துருண்டை நாற்றத்தில் உட்கார்ந்து ஐந்து வருஷம் டப்பாவுக்கு லேபிள் எழுதினாள். அழவில்லை, சண்டை போடவில்லை. வீட்டில் மட்டும் ஒன்று சொன்னாள், குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு. "விசில் நீங்க எண்ணிக்கங்க. எனக்கு எண்ண வராதில்ல." அன்றிலிருந்து விசில் இவர் பொறுப்பு. இவர் எண்ணுவது கம்ப்யூட்டர் எண்ணுகிற மாதிரி, பூஜ்யத்திலிருந்து. முதல் விசில் பூஜ்யம். மூன்று விசில் என்று அவள் சொன்னால் இவர் மூன்று வரும்போது நிறுத்துவார், அதற்குள் நாலு ஊதியிருக்கும். பதினாறு வருஷமாகப் பருப்பு குழைந்துதான் இருக்கிறது. ஒரு நாள்கூட அவள் ஏன் என்று கேட்டதில்லை. மத்தால் கடைகிற வேலை மிச்சம் என்பாள்.

"கண்ணாடியக் கவுத்து வெக்காதீங்கண்ணா, கீறல் உளுந்துரும்" என்றாள் மஞ்சள் சேலை. நாச்சிமுத்து கவரைத் திருப்பி வைத்தார். கண்ணாடியின் ஒரு காது கொஞ்சம் வளைந்திருந்தது, அவள் படுத்துக்கொண்டே படிப்பதால். கவர் வழியாகவே அதை நிமிர்த்தப் பார்த்தார். விட்டுவிட்டார், உடைத்தால் அதுவும் சேரும். மணி பதினொன்று அஞ்சு. உள்ளே விளக்கெரிகிறது, கதவுக்கு மேலே, சிவப்பாக. பதினாறாம் நம்பர் வெளியே வந்துவிட்டார், ஒரு பெரியவர், பச்சைத் தொப்பியோடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு. அப்படியானால் இப்போது பதினேழு. இப்போது. கத்தி என்று சொல்ல மாட்டார்களாம், சின்னத் துளைதானாம். துளை. கண்ணில். கைக்கு வேலை வேண்டும். நாற்பத்தொரு வரியும் திரையில் இருந்தது, ஒவ்வொரு வரியிலும் ஜீன் பெயர், தொடக்கம், முடிவு, திசை, அவள் பெயர். வேலை இல்லாதவன் சீட்டைக் கலைப்பது போல வரிசையை மாற்றிப் போட்டார். நீளம் பார்த்து அடுக்கினார். தப்பும் சரியும் கலந்து கிடந்தன. எழுதிய தேதி பார்த்து அடுக்கினார். கலந்துதான் கிடந்தன. களைத்துப் போன நாட்களில் தப்புப் பண்ணியிருப்பாள் என்று அந்தக் காலத்தில் நினைத்திருந்தார். அப்படியும் இல்லை. தீபாவளிக்கு முதல் நாள் உட்கார்ந்து எண்ணியதுகூடச் சரியாக இருந்தது. தப்பானவற்றில் ஒன்று உதிர்வு ஜீன். சாமை முற்றினால் மணி கொட்டிவிடும், அறுக்கிறவர்களுக்குப் பாதி மண்ணுக்குப் பாதி. கொட்டாமல் பிடித்து வைக்கிற ஜீன் இது என்று குறித்து, கீழே குறிப்பில் ஒரு வரி எழுதியிருந்தாள், வயலில் போய்ப் பார்க்க வேண்டும் என்று. போகவிடவில்லை. டப்பாவுக்கு லேபிள் எழுதப் போனாள். சிவப்பு விளக்கு எரிகிறது. திசையைப் பார்த்து அடுக்கினார், கடைசியாக, மிச்சமிருந்த கட்டம் அதுதான் என்பதால். திரை ஒருமுறை துள்ளி நின்றது. கூட்டல் குறி போட்டவை மேலே, இருபத்து மூன்று. இருபத்து மூன்றும் தப்பு. கழித்தல் குறி போட்டவை கீழே, பதினெட்டு. பதினெட்டும் சரி. நடுவில் ஒரு கோடு கிழித்தாற்போல. நாச்சிமுத்து கையிலிருந்த முறுக்கு இரண்டாக உடைந்தது.

ஈர்க்குச்சிக்குத் திசை ஏது. ஜீன் சிலது இடமிருந்து வலமாக ஓடும், கூட்டல். சிலது வலமிருந்து இடமாக ஓடும், கழித்தல். எண்ணுகிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான். அசந்தால் இரண்டிலும் அசந்திருப்பாள். ஒரு பக்கத்தில் மட்டும், விடாமல், இருபத்து மூன்று தரம் அசர மனுஷியால் ஆகாது. ஒரே மாதிரித் தப்பு பண்ணுவது எது என்று இவரே சொல்லியிருக்கிறார், கூட்டத்தில், சத்தமாக. பழைய ஃபைல் எதையும் அவர் அழிப்பதில்லை. தேடினார். பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவள் மெயிலில் அனுப்பியது, அடியில் "சாப்பிட்டீர்களா" என்று ஒரு வரி, பக்கத்து அறையிலிருந்து அனுப்பியது. உதிர்வு ஜீன். அவள் எழுதிய தொடக்கம் இருபதாயிரத்து நானூற்றுப் பதினேழு. பதினேழு. டேட்டாபேசில் இருப்பது நானூற்றுப் பதினைந்து. மனுஷர்கள் எழுத்தை எண்ணுவார்கள், முதல் எழுத்து ஒன்று. டேட்டாபேஸ் பூஜ்யத்திலிருந்து எண்ணும், அதற்கு முதல் எழுத்து பூஜ்யம். ஆகவே உள்ளே போடும்போது தொடக்கத்தில் ஒன்று கழிக்க வேண்டும். பதினாறு என்று இருக்க வேண்டும். பதினைந்து இருக்கிறது. ஒன்று கழிய வேண்டிய இடத்தில் இரண்டு. அவர் எழுதிய புரோகிராம் ஒன்று கழித்தது. அதை வாங்கி உள்ளே ஏற்றுகிற டேட்டாபேஸ் தானாக ஒன்று கழித்தது. தானாகக் கழிக்கும் என்று அதன் கையேட்டில் எழுதியிருந்தது. கையேட்டை அவர் படிக்கவில்லை. கையேடு படிக்கிறவனுக்குப் புத்தி மட்டு என்று சொல்லித் திரிந்த வயது. மிஷின் குறித்தவை அந்தப் புரோகிராம் வழியாகப் போகவில்லை, நேராகப் போயின. அவளுடையது மட்டும்தான் புருஷன் கைவழியாகப் போயிற்று. சரி, அந்தப் பதினெட்டு எப்படித் தப்பியது. வலமிருந்து ஓடுகிற ஜீனுக்கும் டேட்டாபேஸ் சின்ன எண்ணைத்தான் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளும், உண்மையில் அது வால். வாலில் ஓர் எழுத்துக் கூடினால் யாருக்கும் தெரியாது. தலை பத்திரம். அதனால் சரி போல இருந்தது. அதனால் அங்கொண்ணு இங்கொண்ணு. அதனால் மனுசத் தப்பு. அதனால் கண்ணாடி மாத்து. மூன்று கண்ணாடி. இந்தக் கவரில் இருப்பது நாலாவது. அவள் கண் அன்றைக்கு ஊசி கோக்கிற கண். ஆட்டோவில் கேட்டாளே, இல்லீங்க என்று. ம் என்றாரே. உள்ளே அவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள், பதினாறு வருஷத்துக்கு முன்னால் பண்ணாத ஒரு தப்புக்கும் சேர்த்து.

மணி பதினொன்று இருபத்தைந்து. திருத்துவது மூன்று வரி வேலை. கழித்த இடத்தில் கழிக்காதே என்று எழுதி நாற்பத்தொன்றையும் மறுபடி ஏற்றினால் ஆயிற்று. வாலில் கூடிய எழுத்தும் போகும். எழுதினார், ஓடவிட்டார். தப்பு பூஜ்யம் என்றது புரோகிராம், ஏதோ தான் கண்டுபிடித்தது போல. டேட்டாபேசில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு காரணக் கட்டம் உண்டு. அது பதிப்போடு சேர்ந்து உறுப்பினர் எல்லோருக்கும் மெயிலில் போகும். தொடக்க எண் திருத்தப்பட்டது என்று போடலாம். புதுப்பிக்கப்பட்டது என்று போடலாம். ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அந்தக் கடிதம் எழுதிய ஆளே இப்போது இருக்கிறானோ என்னவோ. அவளுக்கும் தெரிய வேண்டியதில்லை. வெளியே வந்ததும், உன்ற ஜீன் எல்லாம் அப்படியே இருக்குது என்று சொன்னால் போதும், சந்தோஷப்படுவாள். அப்படியே இருக்கிறதா. எப்படி அப்படியே. ஒண்ணு கழிக்கத் தெரியாதவனுக்கு எதுக்குக் கம்ப்யூட்டரு என்று இவர் எத்தனை பேரை மெயிலில் போட்டுத் தாளித்திருக்கிறார். அத்தனை பேரும் படிப்பார்கள். படித்துவிட்டு ஒருத்தனுக்கொருத்தன் அனுப்புவான். எழுபத்தொரு வயதில். கட்டத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. மினுக்கட்டும். வஞ்சி மேஜையின் அந்தக் கடைசியில் தலையாட்டியதுதான் திரும்பத் திரும்ப வந்தது. தன் நோட்டில் மூன்று மூன்று பென்சில் கோடு இருப்பது தெரிந்தும் தலையாட்டினாள். புருஷன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அல்ல, அவள் அப்படிப்பட்டவள் இல்லை. கணக்குத் தெரிந்தவர் சொல்கிறார் என்று ஆட்டினாள். ஜெபராஜே கூப்பிட்டான். "சார், அரை மணி நேரம்தான் இருக்கு. எடுத்திரலாமா?" "எடுக்காதே. நாப்பத்தொண்ணும் சரி. திருத்தி ஏத்திட்டேன், பாரு." அங்கே தட்டுகிற ஒலி. "அய்யோ சார். ரெண்டு தடவை கழிஞ்சிருக்கு." "ஆமா." "யாரு சார் அந்தப் பழைய புரோகிராமை எழுதினது?" கேட்டதுமே ஜெபராஜுக்குத் தெரிந்துவிட்டது. "காரணத்துல சும்மா, பராமரிப்புன்னு போட்டுக்கறேன் சார். இதெல்லாம் சகஜம்." "வேண்டாம். எழுதிக்கோ." "சொல்லுங்க சார்." "பிழை புரோகிராமில். எழுதியவர் நாச்சிமுத்து. வஞ்சிக்கொடி எண்ணியது முதலிலிருந்தே சரி." "சார், இது எல்லாருக்கும் போகும்." "போகட்டும்." "பேரு வேண்டாமே சார், உங்க..." "பேரு போடாமத்தான்டா பதினாறு வருசம் ஓடிருச்சு. போடு." வைத்துவிட்டார். பக்கத்து நாற்காலி அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊட்டுக்காரிகிட்டச் சண்டைங்களா?" "இல்லை." "பின்னெ?" "இனிமேத்தான்" என்றார் நாச்சிமுத்து. உடைந்த முறுக்கை வாயில் போட்டு மென்றார்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, பதினேழாம் நம்பர் கூட வந்தவங்க, என்று கூப்பிட்டார்கள். வஞ்சிக்கொடி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலது கண்ணில் வெள்ளைப் பஞ்சு, அதன் மேல் ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் மூடி. நீலப் புள்ளி அழியாமல் அப்படியே இருந்தது. கண்ணாடி இல்லாத முகம் வேறு யாரோ போல, அவர் முதல் முதலில் பெண் பார்த்த முகம் போல இருந்தது. "வலிச்சுதா?" "இல்லீங்க. ஒரே வெளிச்சம். அம்புட்டுத்தான்." நிறையத் தயாரித்து வைத்திருந்தார். எல்லாம் போயிற்று. அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு, நடைவழியிலேயே, ஆட்கள் போய்வந்துகொண்டிருக்கும்போதே சொன்னார். "அம்மிணி. உன்ற ஜீன் நாப்பத்தொண்ணும் சரி. அன்னிக்கே சரி. நாந்தான் ஒண்ணு கூடக் கழிச்சுட்டேன்." அம்மிணி என்று கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவள் நின்றாள். "எது?" "என்ற புரோகிராமு ஒண்ணு கழிச்சுது. டேட்டாபேசு இன்னொண்ணு கழிச்சுது. நான் பாக்கலை. இடமிருந்து ஓடறது மட்டும் மாட்டிக்கிச்சு." அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒற்றைக் கண்ணால் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், உதடு மட்டும் லேசாக அசைந்தது. கூட்டிக்கொண்டிருக்கிறாள். "அப்ப, என்ற கண்ணு?" "அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு." "மூணு கண்ணாடி மாத்துனன்." "தெரியும்." "உதிர்வு ஜீனு?" "அதுவுஞ் சரி. எல்லாருக்கும் எழுதிப் போட்டாச்சு. என்ற பேரப் போட்டே." அவள் அவர் கையை விட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு தானாக நடந்தாள், மெதுவாக. நாச்சிமுத்து ஒரு கையில் லேப்டாப்பும் ஒரு கையில் கவருமாகப் பின்னால் போனார். திட்டினால் நன்றாக இருக்கும். திட்டு என்று கேட்கலாமா. பதினாறு வருஷத்தை ஒரு நடைவழியில் எப்படித் திட்டி முடிப்பாள். வாசல் வந்தது. வெயில் பளீரென்று அடித்தது, அவள் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு நின்றாள். அவர் பக்கத்தில் போய் முழங்கையைப் பிடித்தார். உதறவில்லை. "ஏழு படி" என்றார், "காலைல எண்ணி வெச்சேன். நான் சொல்லச் சொல்ல இறங்கு." வஞ்சிக்கொடி இடது கையைத் தூக்கிக் காட்டினாள். இருங்க, நடுவுல பேசாதீங்க. அந்தக் கை. பதினாறு வருஷத்துக்கு அப்புறம் அந்தக் கை. "ஒண்ணு" என்றாள், காலை இறக்கி. அவர் வாயை மூடிக்கொண்டு கூடவே இறங்கினார். ரெண்டு. மூணு. குரல் முதலில் கரகரவென்று இருந்து நாலில் தெளிந்தது. அஞ்சு. ஆறு. ஏழு. ஏழு முடிந்தது என்று நாச்சிமுத்து சமதளத்தில் வைப்பது போலக் காலை வீசி வைக்கப் போனார். அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். செருப்பு முனையால் துழாவினாள். "இன்னொண்ணு இருக்குதுங்க." கீழே பார்த்தார். இருந்தது. காலையில் அவருக்கு முதல் படி பூஜ்யம். "எட்டு" என்று சொல்லி அவரையும் சேர்த்து இறக்கினாள். ஆட்டோ வந்து நின்றது. ஏறி உட்கார்ந்து, தோட்டைக் கேட்டு வாங்கித் தடவிப் போட்டுக்கொண்டு, வெளியே பார்த்தபடி சொன்னாள். "இனிமே விசிலு நானே எண்ணிக்கறன். பதினாறு வருசமாக் குழைஞ்ச பருப்பு."